இதய அவசரத்தில் முதல் ஆளாகப் போய் நிற்பவருக்கு: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, என்ன செய்வது

அவசர மருத்துவ உதவியாளராகப் போகிறவரின் பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு ஏ.இ.டி. (இதயத் தாளத்தைத் தானே பார்த்து, தேவையானால் ஷாக் கொடுக்கும் கருவி), ஆக்சிஜன் சிலிண்டர், ஆம்பு பேக் (மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கக் கையால் அமுக்கும் பை), பி.பி. பார்க்கும் கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, கொஞ்சம் ஆஸ்பிரின். இதை வைத்துக்கொண்டு என்ன நோய் என்று கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் வேண்டாம். புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, நோய்க்குப் பேர் வைக்க முயன்று அதிலேயே நேரத்தை விட்டுவிடுவதைத்தான். மாரடைப்பா, வாயுவா, பதற்றமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நோயாளியின் முகம் வெளிறிக்கொண்டே போகும். கண்ணில் படுகிற அறிகுறிக்கு வேலையை ஆரம்பியுங்கள், பேரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களைச் சாதாரணமானதில் தொடங்கி ஆபத்தானது வரை சொல்லியிருக்கிறேன். ஆனால் நடத்தும்போது வரிசை தலைகீழ்: கடைசியில் இருக்கும் ஆபத்தான காரணம்தான் என்று எடுத்துக்கொண்டு நடத்துங்கள். மருந்து விஷயத்தில் உங்கள் சேவையின் நெறிமுறை வேறு மாதிரி சொன்னால் அதன்படியே போங்கள்.

## கூப்பிட்டால் அசைவில்லை

தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நொடியே மேல்நிலைக் குழுவுக்கும் (கூடுதல் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் குழு) ஏ.இ.டி.க்கும் ஆள் அனுப்பிவிட்டு, மார்பைப் பார்த்தபடியே கழுத்து நாடியைத் தொடுங்கள். மூச்சும் நாடியும் ஒரே நேரத்தில், 10 விநாடிக்குள். பத்து விநாடியில் நாடி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "லேசா இருக்கிற மாதிரி இருக்கு" என்று விரலை மாற்றி மாற்றி வைத்துத் தேடுகிற அந்த அரை நிமிடம் மூளைக்கு ரத்தம் போகாத அரை நிமிடம்.

### மூச்சு இல்லை, நாடியும் இல்லை

இங்கே இரண்டு விஷயம் ஆளை ஏமாற்றும். ஒன்று, இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் கரையில் போட்ட மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள், நடுநடுவே ஒரு குறட்டைச் சத்தம் வரும். பக்கத்தில் நிற்கிறவர்கள் "மூச்சு வருது, மூச்சு வருது" என்று சொல்வார்கள். அது மூச்சு அல்ல. ஒழுங்காக, சீராக மார்பு ஏறி இறங்கவில்லையென்றால் மூச்சு இல்லை என்றே கணக்கு. இரண்டாவது, விழுந்த உடனே கை கால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் காத்திருப்பார்கள். வெட்டு நின்றதும் மூச்சையும் நாடியையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் மார்பை அழுத்த ஆரம்பியுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகம், முழங்கை மடங்காமல், தோள் நேராகக் கைக்கு மேலே. பெரியவர்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6 செ.மீ.யைத் தாண்டவும் வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர விடுங்கள், கை களைக்க ஆரம்பித்ததும் ஆட்கள் மார்பின் மேல் சாய்ந்துகொள்கிறார்கள், அப்போது இதயத்தில் ரத்தம் நிரம்பாது. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, ஒரு மூச்சு ஒரு விநாடி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைப்பு தெரியவில்லை என்றாலும் மாறுங்கள், ஏனென்றால் அழுத்துகிறவருக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும்.

விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம். கை இருக்கும் இடம் சரியா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடருங்கள். கட்டில் மெத்தையில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள், மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். அறை குறுகலாக இருந்தால் முதலில் ஆளை இடம் தாராளமான பக்கத்துக்கு இழுத்துவிடுங்கள். அதற்குப் போகிற பத்து விநாடி, அப்புறம் இருபது நிமிடமும் சுவரில் முட்டிக்கொண்டு அரைகுறையாக அழுத்துவதைவிட எவ்வளவோ மேல்.

மூச்சு கொடுக்கும்போது மார்பு எழவில்லையா? முதலில் தலையின் நிலையைச் சரிசெய்யுங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். அடுத்து மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பேக்கை அமுக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதன் பிறகும் எழவில்லையென்றால் வாயில் வாந்தியோ, பல்செட்டோ, அடைப்போ இருக்கிறதா என்று பாருங்கள், நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்காமல் இருக்க வாய் வழியாகத் தொண்டைக் குழாய் போடுங்கள். வயிறு உப்பினால் வேகமாகவும் அதிகமாகவும் அமுக்குகிறீர்கள் என்று அர்த்தம். எதுவானாலும் இரண்டு முயற்சிக்கு மேல் நிற்காமல் அழுத்தத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

தண்ணீரில் மூழ்கியவர் என்றால் முதலில் மூச்சு கொடுத்துவிட்டு அப்புறம் அழுத்தம். குழந்தைக்கு இரண்டு உதவியாளர்கள் இருந்தால் 15-க்கு 2, ஆழம் மார்பின் முன்-பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. கர்ப்பிணிக்கு, வயிறு தொப்புள் மட்டத்துக்கு வந்திருந்தால், அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கருப்பையைக் கையால் இடது பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

### நாடி இருக்கிறது, மூச்சு இல்லை

பெரியவர்களுக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு, ஆம்பு பேக்கால். 2 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியைப் பாருங்கள், போய்விட்டால் மேலே சொன்னதற்குப் போங்கள். கண் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தாலோ, பக்கத்தில் ஊசியோ மாத்திரைப் பட்டையோ கிடந்தாலோ அபினி வகை மருந்தாக இருக்கலாம். அதற்கு மாற்று மருந்தான நலோக்சோன் கொடுக்க அனுமதி இருந்தால் கொடுங்கள், ஆனால் அதைத் தேடுவதற்காக மூச்சு கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

### இரண்டும் இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை

சர்க்கரையைப் பாருங்கள். அப்புறம் ஒரு பக்க முகக் கோணல், கை தளர்வு. பக்கவாட்டில் படுக்கவைத்து, பக்கத்தைவிட்டு நகராமல் இருங்கள். ஏ.இ.டி.யைத் திறந்து பக்கத்திலேயே வையுங்கள், ஆனால் நாடி உள்ளவருக்கு பேட் (மார்பில் ஒட்டும், ஷாக் போகிற பட்டை) ஒட்ட வேண்டாம்.

## ஏ.இ.டி. ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது

கருவி வந்ததும் முதலில் ஆன் செய்யுங்கள், அது பேசட்டும். ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க மற்றவர் பேட் ஒட்ட வேண்டும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். இந்த இரண்டாவதைத்தான் பலர் முன்பக்கமாக மார்பின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். நன்றாகப் பக்கவாட்டில் போக வேண்டும், அப்போதுதான் மின்சாரம் இதயத்தின் ஊடே போகும்.

"பேடைச் சரிபார்க்கவும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. வயர் முழுதாகச் சொருகியிருக்கிறதா? பேடின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? பதற்றத்தில் இது இரண்டும் சகஜம். அடுத்து வியர்வை. மாரடைப்பு வந்தவர் குளித்தது மாதிரி நனைந்திருப்பார், ஒரு துண்டால் அழுத்தித் துடையுங்கள். அடுத்து முடி. ரேசர் இருந்தால் அந்த இடத்தை மட்டும் இரண்டு இழு. கடைசியாக, பேட் பழையதாகி ஜெல் காய்ந்திருக்கலாம், மாற்று பேட் ஒரு ஜோடி பையில் இருப்பது அதற்குத்தான்.

"அசைவு தெரிகிறது" என்கிறது. யாராவது தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், அல்லது வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கையை எடுக்கச் சொல்லுங்கள், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

"ஷாக் தேவையில்லை" என்கிறது. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷாக் தேவையில்லை என்றால் ஆள் பிழைத்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. ஷாக்கால் சரியாகக்கூடிய இதயத் தாளம் இப்போது இல்லை, அவ்வளவுதான். இதயம் முழுக்க நின்றிருந்தாலும் கருவி இதையேதான் சொல்லும். சுற்றி நிற்கிற குடும்பத்தார் இதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விடுவார்கள், அந்த நிம்மதி நமக்கும் தொற்றி, கை ஒரு கணம் தயங்கும். தயங்காமல் உடனே அழுத்தத்தைத் தொடருங்கள், இரண்டு நிமிடம் கழித்துக் கருவியே மறுபடி பார்க்கும்.

ஷாக் கொடுத்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததா என்று நாடி பார்க்காதீர்கள். ஷாக் போன கையோடு அழுத்தம். தாளம் திரும்பியிருந்தாலும் இதயம் சரியாக ரத்தம் தள்ளச் சிறிது நேரம் எடுக்கும், அதுவரை நம் கைதான் தள்ள வேண்டும்.

தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. பேஸ்மேக்கரோ, உள்ளே பொருத்திய ஷாக் கருவியோ. பேடை அதன் மேலேயே ஒட்டாமல் தள்ளி ஒட்டுங்கள். மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் கையுறையோடு உரித்து, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஷாக்குக்கு முன் ஆக்சிஜன் மாஸ்க்கை மார்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

குழந்தைக்கான பேட் இல்லையா? பெரியவர் பேடையே ஒன்று மார்பில், ஒன்று முதுகில் என்று ஒட்டுங்கள். பேட் இல்லை என்று ஷாக் கொடுக்காமல் விடக் கூடாது.

ஆள் அசைந்து, இருமி, மூச்சு விட ஆரம்பித்தால் பேடை உரிக்காதீர்கள், கருவியையும் அணைக்காதீர்கள். அடுத்த சில நிமிடங்களில் மறுபடி நிற்பது மிகவும் சாதாரணம்.

## நெஞ்சில் பாரம், அழுத்தம், வலி

காரணங்கள்: தசைப் பிடிப்பு, நெஞ்செரிச்சல், பதற்றம், நுரையீரல் தொற்று, இதயத்துக்கு ரத்தம் குறைவது, மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, பெருந்தமனி கிழிவது.

மாரடைப்பு வலி எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலியாக வராது. தாடையில் வரும், இரண்டு தோள்களுக்கு நடுவில் வரும், மேல் வயிற்றில் வரும். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குதல், குமட்டல், காரணமே இல்லாத களைப்பு என்று மட்டும் வரலாம். குளிர்ந்த வியர்வையை நான் மிகவும் மதிக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்த ஆளுக்கு நெற்றி நனைந்து சில்லென்று இருந்தால், அவர் வாயால் என்ன சொன்னாலும் நான் மாரடைப்பு என்றே நடத்துவேன்.

வாயால் பெரும்பாலும் ஒன்றும் சொல்லவும் மாட்டார்கள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கையை நெஞ்சின் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே பெரியவர் சொல்வார்: "ஒண்ணுமில்லப்பா, வாயுதான். இவதான் சும்மா உங்களக் கூப்பிட்டுட்டா." அவரிடம் வாதாடாதீர்கள். "சரிங்க ஐயா, வாயுவாவே இருக்கட்டும். வந்ததுக்கு பி.பி. மட்டும் பார்த்துடறேன்" என்று சொல்லிக் கையைப் பிடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

பார்க்க வேண்டியவை: எப்போது தொடங்கியது (மணிக் கணக்கில், குறித்துக்கொள்ளுங்கள்), என்ன செய்துகொண்டிருந்தபோது, எங்கே பரவுகிறது, முன்பு இதே மாதிரி வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்காவது ஒவ்வாமையா. பி.பி.யை இரண்டு கையிலும் பாருங்கள். தொட்டால் வலிக்கிறது என்பதற்காக இதயம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

செய்ய வேண்டியவை: வசதியாக இருக்கும் நிலையில் உட்காரவையுங்கள். நடக்க விடாதீர்கள். மாடிப்படி என்றால் நாற்காலியில் தூக்குங்கள், "நானே நடந்து வர்றேன்" என்று எழுந்தாலும் உட்காரச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாடியின் வேலையை அடைபட்ட இதயம் தாங்காது. ஆஸ்பிரின் 160 முதல் 325 மி.கி. வரை, மென்று விழுங்கச் சொல்லுங்கள், முழுதாக விழுங்கினால் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒவ்வாமை, இப்போது எங்காவது ரத்தப்போக்கு, பக்கவாத அறிகுறி, இவற்றில் எது இருந்தாலும் கொடுக்காமல் மருத்துவக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். நீங்கள் வருவதற்கு முன் யாராவது போனில் சொல்லி ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள்.

ஆக்சிஜனைப் பழக்கத்தில் எல்லோருக்கும் மாட்டுகிறார்கள். ஆக்சிமீட்டரில் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, மூச்சுத் திணறினாலோ, ரத்த ஓட்டம் குன்றியிருந்தாலோ கொடுங்கள், 90-க்கும் 94-க்கும் நடுவில் உங்கள் நெறிமுறை சொல்வது. அளவு நன்றாக இருப்பவருக்கு அதனால் லாபம் இல்லை.

நோயாளியிடமே நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் இருந்தால், அதை எடுக்க உதவ உங்களுக்கு அனுமதியும் இருந்தால், அதற்கு முன் இரண்டு கேள்வி. மேல் பி.பி. 100-க்கு மேல் இருக்கிறதா? ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எடுத்தாரா? சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், தடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரோகிளிசரின் கூடாது, பி.பி. பாதாளத்துக்குப் போய்விடும். இதை மனைவி மக்கள் முன்னால் கேட்டால் உண்மை வராது, அவர்களை மாத்திரைச் சீட்டு எடுத்துவர அனுப்பிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். பெண்களிடமும் கேளுங்கள், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு இதே மருந்தை எடுப்பவர்கள் உண்டு. ஒன்று கொடுத்தால் 5 நிமிடம் கழித்து மறுபடி பி.பி., மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

வலி முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி சட்டென்று வந்திருந்தால், இரண்டு கை பி.பி.க்கும் 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெருந்தமனியைச் சந்தேகியுங்கள். ஆஸ்பிரினைக் கையில் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

எப்போது மேலே அழைப்பது: இதயம் என்று சந்தேகம் வந்த உடனே. முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி., 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பது, இதுதான் இலக்கு. அந்தக் கடிகாரம் நீங்கள் கதவைத் தாண்டிய நேரத்திலிருந்தே ஓடுகிறது. பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கா, அடைப்பைத் திறக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கா என்பதைக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

## மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை

காரணங்கள்: பதற்றம், ஆஸ்துமா, நிமோனியா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தல், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு.

நீர் கோத்தவர் இரவில் எழுந்து ஜன்னலைத் திறந்து நிற்பார். சில நாட்களாக இரண்டு மூன்று தலையணை வைத்துத்தான் தூங்கினேன் என்பார். காலை அழுத்தினால் குழி விழும். மூச்சில் கொதிக்கும் சத்தம், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை. ஆனால் இதயத்தாலும் வீசிங் வரும், சத்தத்தை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று முடிவு செய்யாதீர்கள். வயதானவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக வீசிங் என்றால் இதயத்தை முதலில் நினையுங்கள்.

நிமிர்த்தி உட்காரவைத்து, காலைக் கீழே தொங்கவிடுங்கள். ஸ்ட்ரெச்சரிலும் படுக்கவைக்க வேண்டாம், பின்பலகையை முழுதாக நிமிர்த்துங்கள். ஆக்சிஜன் கொடுங்கள். சிபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று செலுத்தும் கருவி) போட அனுமதி இருந்தால், நினைவு தெளிவாகவும் பி.பி. போதுமானதாகவும் இருந்தால், சீக்கிரமே போடுங்கள். திணறிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகி, தூக்கம் வருகிற மாதிரி ஆனால் அது குணம் இல்லை. ஆம்பு பேக்கை எடுங்கள், ஏ.இ.டி.யைத் திறந்து வையுங்கள், மேல்நிலைக் குழுவுக்கு மறுபடி அழையுங்கள்.

## படபடப்பு, அல்லது நாடி ரொம்ப மெதுவாக

வேகமான நாடிக்குச் சாதாரண காரணங்கள் நிறைய: காய்ச்சல், வலி, பயம், நீர்ச்சத்து குறைவு, காபி. இவற்றில் பெரியவர்களுக்கு பெரும்பாலும் 150-க்குக் கீழேயே நிற்கும். அதைத் தாண்டினால் இதயத் தாளமே தவறியிருக்கலாம். மெதுவானது 50-க்குக் கீழே. நன்றாக ஓடிப் பழகிய உடம்புக்கு அது இயல்பாகவும் இருக்கும், இதய மாத்திரையாலும் வரும், இதய மின்பாதை அடைப்பாலும் வரும்.

எண்ணைவிட ஆளைப் பாருங்கள். பி.பி. இறங்கியிருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வெளிறிய குளிர்ந்த தோல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரம். இங்கே நமக்குச் செய்ய அதிகம் இல்லை: படுக்கவைப்பது (மூச்சு வாங்கினால் உட்காரவைப்பது), தேவையானால் ஆக்சிஜன், முழு நிமிடம் நாடி எண்ணிச் சீரா, சீரற்றதா என்று குறிப்பது, மேலே அழைப்பது. நினைவோடு பேசுகிறவருக்கு ஏ.இ.டி. வேண்டாம்.

## மயங்கி விழுந்தார், இப்போது எழுந்துவிட்டார்

இதில்தான் "சரியாயிடுச்சு, போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். காரணங்கள்: வெயில், பசி, நெடுநேரம் நின்றது, ரத்தம் பார்த்தது, மாத்திரை, சர்க்கரை இறங்குதல், உள்ளே ரத்தப்போக்கு, இதயத் தாளக் கோளாறு.

எழும்போது கண் இருட்டி, வியர்த்து, மெதுவாகச் சரிந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நான் பயப்படுவது முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்தவருக்கும், ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தவருக்கும், படுத்திருக்கும்போதே நினைவு போனவருக்கும், விழுவதற்கு முன் படபடப்பு என்று சொன்னவருக்கும், வீட்டில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருப்பவருக்கும்தான். இப்போது எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் இவர்களுக்கு இ.சி.ஜி. எடுக்காமல் விடக் கூடாது. வர மறுத்தால் கட்டுப்பாட்டு அறை மருத்துவரை அவரோடு நேரடியாகப் பேசவையுங்கள்.

சர்க்கரை, பி.பி., நாடி, விழுந்ததில் தலை அடிபட்டதா என்று பாருங்கள். பார்த்தவர் யாரென்று தேடிப் பிடித்துக் கேளுங்கள், விழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

## கைமாற்றும்போது

மேல்நிலைக் குழு வந்ததும் நீளமாகக் கதை சொல்ல வேண்டாம். அறிகுறி தொடங்கிய நேரம், நினைவு போன நேரம், அழுத்தம் தொடங்கியது யார், எப்போது, எத்தனை ஷாக், ஆஸ்பிரின் எவ்வளவு, எத்தனை மணிக்கு, நைட்ரோகிளிசரின் கொடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் பி.பி., கடைசியாகப் பார்த்த அளவுகள். கையுறையின் மேலேயே பேனாவால் நேரத்தைக் குறித்துக்கொள்கிறவர்கள் உண்டு, நல்ல பழக்கம், கழற்றி எறிவதற்கு முன் காகிதத்துக்கு மாற்றிவிடுங்கள். சொல்லி முடிக்கிற வரை அழுத்துகிறவர் கையை எடுக்கக் கூடாது, புதிய ஆள் பக்கத்தில் மண்டியிட்டுத் தயாரான பிறகுதான் மாற்றம்.